முதலில் கேஸ் ஷீட்டை வாங்குங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு லேப்ரடார் லட்டுவுக்கு எட்டு வயது. போன நவம்பரில் இரண்டு நாள் சாப்பிடாமல் தண்ணீராகக் குடித்துக்கொண்டே கிடந்தாள். உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். பக்கத்து மாவட்டத்தில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் செய்தது மாணவர்கள். பெரிய டாக்டர் நடுவில் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்ததோடு சரி. மறுநாள் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. போன் செய்தோம், காலையில் கொண்டு வரச் சொன்னார்கள். விடிவதற்குள் போய்விட்டாள். தோட்டத்திலேயே புதைத்தோம். ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய் கட்டிய ரசீது இருக்கிறது. கேஸ் ஷீட் (சிகிச்சை விவரம் எழுதிய தாள்) கேட்டால் அது ஆஸ்பத்திரி சொத்து, தர முடியாது என்கிறார்கள். மாணவர்களை வைத்து அறுத்தது குற்றம்தானே? போலீஸில் புகார் கொடுக்கலாமா? 10 லட்சம் நஷ்ட ஈடு கேட்கலாமா? என் கணவர் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதனால் வழக்கு நிற்காது என்கிறார்கள், உண்மையா?

பதில்: உங்கள் கடிதத்தில் மாணவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். வழக்கு என்று வந்தால் அதுதான் உங்களுடைய பலவீனமான பகுதி. அது கல்லூரி ஆஸ்பத்திரி. மாணவர்கள் கை வைக்கத்தான் செய்வார்கள். பி.வி.எஸ்சி. படிப்பே ஐந்தரை வருஷம், அதில் கடைசி ஒரு வருஷம் முழுக்கப் பயிற்சி. நீங்கள் பார்த்தவர்கள் முதுகலை மாணவர்களாக இருந்தால் அவர்கள் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். அநேகமாகக் கவுன்சிலில் பதிவும் செய்திருப்பார்கள். 1984-ஆம் வருஷத்து இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பதிவு பெற்றவர்தான் வைத்தியம் செய்யலாம் என்கிறது. எனவே நீங்கள் கேட்க வேண்டியது வேறு: கத்தி பிடித்தவருக்குப் பதிவு எண் உண்டா? இல்லையென்றால், பதிவு பெற்ற ஒருவர் ஆபரேஷன் முடியும்வரை பக்கத்தில் நின்றாரா?

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயத்தில்தான் எனக்கு வழக்கு தெரிகிறது. சீழ் பிடித்த கர்ப்பப்பையை எடுத்த நாயை மறுநாள் மதியமே ஏன் அனுப்பினார்கள்? ரத்தம் கசிகிறது என்று ராத்திரி சொன்ன பிறகும் ‘காலையில் வாங்க’ என்று சொன்னது யார்? ஆபரேஷனில் உயிர் போவது எந்த நல்ல டாக்டர் கையிலும் நடக்கும், அதிலும் விஷம் உடம்பில் ஏறிய பிறகு வந்த நாய் என்றால் ஆபத்து கூடுதல். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் சொல்வார். ஆனால் போனுக்கு அவரிடம் என்ன பதில் இருக்கும்? அந்த அழைப்பு பதிவாகியிருக்கும் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு, எத்தனை நிமிஷம் பேசினீர்கள் என்று இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்தது கேஸ் ஷீட். கல்லூரி அரசுப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தால் அது பொது அதிகார அமைப்பு, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அதற்குப் பொருந்தும். மூலத் தாள் ஆஸ்பத்திரியிடமே இருக்கட்டும், நகல் தராமல் இருக்க முடியாது. பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். மனுவில் ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தைத் தராது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கேஸ் ஷீட், மயக்க மருந்து கொடுத்த குறிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், அன்றைய ஆபரேஷன் பதிவேட்டுப் பக்கம், டிஸ்சார்ஜ் குறிப்பு, உங்கள் கணவர் கையெழுத்திட்ட தாள், அன்றிரவு பணியில் இருந்தவர்களின் பட்டியல், ஆபரேஷன் செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கணவர் போட்ட கையெழுத்துக்கு வருவோம். மயக்க மருந்திலும் ஆபரேஷனிலும் உள்ள ஆபத்து தெரியும், சம்மதம் என்பதற்குத்தான் அது. கவனக்குறைவுக்கும் சேர்த்து யாரும் முன்கூட்டியே சம்மதம் கொடுப்பதில்லை. அந்தத் தாளை மட்டும் காட்டி வழக்கைத் தள்ளிவிட முடியாது.

போலீஸ் வேண்டாம். பிராணியைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ தண்டிக்கும் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 325. அதற்கு நஷ்டம் செய்யும் எண்ணமோ, நஷ்டம் வரும் என்ற அறிவோ இருக்க வேண்டும். காப்பாற்றப் போய் கோட்டை விட்டவர் மேல் அது ஒட்டாது. கவனக்குறைவால் மரணம் என்ற 106-ஆம் பிரிவு மனித உயிருக்கு மட்டும். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) போட்டுக் கொடுத்தாலும் அதை வைத்து உங்களுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. அந்த மாணவரின் போட்டோவை வாட்ஸ்அப்பில் சுற்ற விடும் யோசனை வீட்டில் யாருக்காவது இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள், அவதூறு வழக்கில் போய் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்களுக்கான இடம் நுகர்வோர் ஆணையம். இலவச சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. வெறும் பதிவுச் சீட்டுக்குக் கட்டிய சில்லறையைக் கட்டணம் என்று சொல்ல முடியாது என்று 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் தனியாகப் பணம் கட்டியிருக்கிறீர்கள். அந்த ரசீதுதான் உங்களை நுகர்வோர் ஆக்குகிறது. வெயிலில் வெளுப்பதற்குள் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. காலக்கெடு இரண்டு வருஷம். ஐந்து மாதம் போய்விட்டது, இன்னும் நேரம் இருக்கிறது. டாக்டர்களைத் தனித்தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டியதும் இல்லை. ஆஸ்பத்திரி மேல் மட்டும் போட்டாலே போதும் என்று 2004-இல் சவிதா கர்க் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. இவை மனித ஆஸ்பத்திரிகளைப் பற்றிய தீர்ப்புகள்தான், ஆனால் நுகர்வோர் ஆணையங்கள் கால்நடை மருத்துவத்துக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கின்றன.

கஷ்டம் வருவது நிபுணர் சாட்சியத்தில். சுற்றுவட்டாரத்து டாக்டர்கள் பலர் அதே கல்லூரியில் படித்தவர்களாக இருப்பார்கள். தங்கள் வாத்தியாருக்கு எதிராக எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள். ஓய்வு பெற்றவர் யாராவது கிடைக்கிறார்களா பாருங்கள். நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயம் இல்லை என்று கிஷன் ராவ் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் பிரேதப் பரிசோதனையும் இல்லாத உங்கள் வழக்கில் அதை மட்டும் நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன். லட்டுவை முதலில் பார்த்த உள்ளூர் டாக்டரின் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். எந்த நிலையில் அனுப்பினார் என்பதற்கு அது ஒன்றுதான் வெளிச் சாட்சி. தோட்டத்தைத் தோண்டும் யோசனை வேண்டாம், இத்தனை மாதம் கழித்து அதில் எதுவும் தெரியாது.

10 லட்சம் கேட்க யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் நாய் இன்னும் ஒரு பொருள்தான். எழுதவே சங்கடமாக இருக்கிறது, என் வீட்டிலும் ஒன்று காலடியில் படுத்திருக்கிறது. நாயின் விலை, செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்றுதான் கணக்குப் போடுவார்கள். கையில் உள்ள சீட்டுகளோடு ஒத்துப்போகிற தொகையைக் கேளுங்கள், பெரிய தொகை கேட்டால் பணத்துக்காக வந்தவர் என்ற எண்ணம்தான் வரும். மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலிலும் தனியாகப் புகார் கொடுக்கலாம். அங்கே ஒழுங்கு நடவடிக்கைதான், பணம் கிடைக்காது.

வக்கீல் நோட்டீஸை இப்போதே அனுப்ப வேண்டாம். நோட்டீஸ் போன பிறகு தாளில் எழுத்து கூடும், குறையும். தகவல் மனுவை இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நகல்கள் கைக்கு வந்ததும், டிஸ்சார்ஜ் குறிப்பில் போட்டிருக்கும் நேரத்தையும் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.