ஒமெதெபே தீவு: காபி, குடிநீர், கூட்டுறவு – கேள்வி பதில்

மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் கொசிபோல்கா (நிகராகுவா ஏரி) என்ற ஏரிக்குள் இரண்டு எரிமலைகள் சேர்ந்து உண்டான தீவு ஒமெதெபே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவு மக்கள் 1986இல் இதனோடு 'சகோதரத் தீவு' உறவு தொடங்கினார்கள். ஒமெதெபே காபியை வாங்கி விற்று, மிஞ்சும் பணத்தைத் தீவின் வேலைகளுக்கே திருப்பி அனுப்பிவந்தார்கள். இதையொட்டி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி: தீவின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பரப்பு 276 சதுர கிலோமீட்டர். வடமேற்கில் கொன்செப்சியோன், 1,610 மீட்டர். இன்னும் புகைகிற மலை. தென்கிழக்கில் மதேராஸ், 1,394 மீட்டர். அடங்கிப்போய் மேகக்காடு மூடிய மலை. இரண்டையும் இணைப்பது இஸ்தியான் என்ற தாழ்வான நிலம். 2010இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. வேலை செய்யப்போகிறவர் கவனிக்க வேண்டியது படகை. சிமெண்ட், கம்பி, குழாய் எல்லாம் கரையிலுள்ள சான் ஹோர்ஹே துறையிலிருந்து தீவின் மொயோகல்பா துறைக்குப் படகேறித்தான் வர வேண்டும். காற்று பலமானால் படகு நின்றுவிடும். சாமான் முழுக்க வந்து இறங்கும் முன் குழி தோண்ட ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: நேராக நன்கொடை அனுப்பாமல் காபி வியாபாரம் எதற்கு?

நன்கொடை கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. காபி ஆண்டுதோறும் விளைவது. மதேராஸ் சரிவில், பால்குவே கிராமத்துக்கு மேலே உள்ள மக்தலேனா தோட்டத்தைக் கூட்டுறவு உறுப்பினர்கள் நடத்துகிறார்கள். விலை பேசும்போது அவர்கள் விற்பவர்கள், கையேந்துபவர்கள் அல்ல. அதுவே பாதி வெற்றி.

கணக்கு தெரியாமல் இறங்கினால் கையைச் சுடும். ஏறத்தாழ 6 கிலோ காபிப் பழத்துக்கு 1 கிலோ பச்சைக் கொட்டை (வறுக்காத கொட்டை) தேறும். வறுக்கும்போது 15 முதல் 20 சதவீதம் எடை போகும். ஆக 100 கிலோ பச்சைக் கொட்டை வாங்கினால் விற்பதற்கு 80, 85 கிலோதான் கிடைக்கும். கொட்டையின் ஈரம் 11–12 சதவீதத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேலிருந்தால் கப்பலில் பூஞ்சை பிடிக்கும். இன்னொரு சிக்கல்: பறிப்புக் கூலி முன்னால் போகும், விற்பனைப் பணம் மாதக்கணக்கில் பின்னால் வரும். அதனால் விலையில் ஒரு பங்கை அறுவடைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. 2012–13இல் மத்திய அமெரிக்கா முழுக்க இலைத்துரு நோய் காபியை வாட்டியது. அப்படி ஒரு ஆண்டு வந்தால் சமாளிக்கச் சேமிப்பு வேண்டும். காபிப் பணத்திலிருந்து கொடுக்கும் குழந்தைகளின் படிப்பு உதவித்தொகையை அந்தந்த ஆண்டு விளைச்சலோடு கட்டிப்போடக் கூடாது.

கேள்வி: மலை ஊற்றிலிருந்து மோட்டார் இல்லாமல் ஊருக்குக் குடிநீர் கொண்டுவரக் கணக்கு எப்படிப் போடுவது?

முதலில் ஊற்றை அளக்க வேண்டும், அதுவும் ஏப்ரல் கடைசியில். அங்கே கோடை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மழைக்காலத்தில் அளந்து கட்டிய திட்டம் கோடையில் கைவிடும். 20 லிட்டர் வாளி 25 நொடியில் நிறைகிறது என்று வையுங்கள்: நொடிக்கு 0.8 லிட்டர், நாளைக்கு 69,120 லிட்டர். கசிவுக்கு 20 சதவீதம் கழித்தால் சுமார் 55,000. ஆளுக்கு 60 லிட்டர் என்றால் 920 பேருக்குக் காணும். ஆனால் ஆண்டுக்கு 2 சதவீதம் மக்கள் பெருகினால் 20 ஆண்டில் ஒன்றரை மடங்காகிவிடுவார்கள். எனவே இன்றைக்கு 600 பேருக்குத்தான் இணைப்புக் கொடுக்கலாம். இங்கேதான் சண்டை வரும். யார் அந்த 600 என்பதை ஊர்க்கூட்டம் தீர்மானிக்கட்டும், வெளியூர்ப் பொறியாளர் வேண்டாம்.

சேமிப்புத் தொட்டி நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு: 18,000 லிட்டர்.

அடுத்தது அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 1 பார் (அழுத்த அலகு) ஏறும். எஸ்.டி.ஆர். 26 (குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிக்கும் எண்) பி.வி.சி. குழாயின் வரம்பு 160 பி.எஸ்.ஐ. (இதுவும் அழுத்த அலகு), அதாவது சுமார் 110 மீட்டர் இறக்கம். வெப்பம் கூடினால் அந்த வலு குறையும். ஆகவே 80 மீட்டர் இறக்கத்துக்கு ஒன்றாக அழுத்தம் தணிக்கும் இடைத்தொட்டி கட்டுங்கள். பகலில் ஒழுங்காக ஓடும் குழாய் நடு இரவில் வெடிப்பது இதனால்தான்: எல்லோரும் குழாயை மூடியதும் முழு அழுத்தமும் அடியில் வந்து நிற்கிறது.

ஊற்றில் தண்ணீர் வழிந்தோடும், ஊரில் குழாய் வறண்டு கிடக்கும். அப்போது மேட்டுப் பகுதியில் காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு மேட்டிலும் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு, ஒவ்வொரு பள்ளத்திலும் மண் வெளியேற்றும் வால்வு வையுங்கள். இவற்றைச் செலவு என்று விட்டுவிடுபவர்கள் பின்னால் குழாயை அறுத்து வைக்கத்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி: குளோரின் எவ்வளவு?

நாளைக்கு 55,000 லிட்டர், லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் 55 கிராம் குளோரின். 65 சதவீதம் குளோரின் உள்ள தூள் என்றால் சுமார் 85 கிராம். தொட்டியில் சோதித்துத் திருப்திப்படாதீர்கள். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

கேள்வி: எரிமலை வெடித்தால்?

மதேராஸ் வெடிக்காமலே ஆபத்தானது. 1996 செப்டம்பரில் கனமழையில் அதன் சரிவிலிருந்து சேறும் பாறையும் இறங்கி உயிர்களைக் குடித்தன. ஓடைகளைக் குழாய் குறுக்கே நேராகக் கடக்கட்டும், ஓடை வழியாகவே இறங்க வேண்டாம். கடக்கும் இடத்தில் இரும்புக் குழாயைக் கம்பி வடத்தில் தொங்கவிடுங்கள். வெயில் பட்டால் பி.வி.சி. நொறுங்கும். கொன்செப்சியோன் பக்கம் கூரை மழைநீர் சேமிப்பவர்கள் சாம்பல் விழத் தொடங்கியதும் கூரைக் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும். சாம்பலை மழைக்கு முன்பே கூட்டித் தள்ளுங்கள், நனைந்தால் பாரம் கூடும்.

கேள்வி: கட்டி முடித்தபின் யார் பார்ப்பது?

கிராமக் குடிநீர், சுகாதாரக் குழு. நிகராகுவாவின் 722ஆம் எண் சட்டம் 2010இல் இந்தக் குழுக்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. மாதக் கட்டணத்தில் குழாய்க்காரர் சம்பளமும் குளோரினும் மட்டும் அடங்கினால் போதாது. வால்வு மாற்றவும் தொட்டி பூசவும் தனியே ஒதுக்குங்கள். வெளிநாட்டுக் கூட்டாளி ஒவ்வொரு பழுதுக்கும் பணம் அனுப்பினால் கட்டணம் கட்டுபவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

கேள்வி: பழைய துணி, கம்ப்யூட்டர் அனுப்பலாமா?

வேண்டாம். படகுக் கூலிக்கே பெறாது.

கேள்வி: நிகராகுவாவின் இன்றைய அரசியல் சூழலில் இப்படி ஒரு உறவு தொடங்க முடியுமா?

கடினம். வெளிநாட்டுப் பணம் பெறுவோரைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் 2020இல் வந்தது. 2018க்குப் பின் ஆயிரக்கணக்கான தொண்டு அமைப்புகளின் அங்கீகாரம் ரத்தானது. எனவே பணத்தைச் சட்டப்படி யார் பெறலாம் என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொட்டைக்கான விலையையும் ஊர் வேலைக்கான பணத்தையும் ஒரே ரசீதில் கலக்காதீர்கள். இடர்ப்பாட்டில் மாட்டுவது நீங்கள் அல்ல, தீவிலே கையெழுத்துப் போட்டவர்.