டிரைவர் சீட்டிலிருந்து: சினிமா கேள்வி பதில்

(மன்னார்குடி பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதைவிட அதிக வருஷம் சினிமா பார்த்தவர், இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: ஐயா, கார் சேஸிங் என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள் எல்லாம் 'புல்லிட்' என்கிறீர்கள். தேடிப் பிடித்துப் பார்த்தேன், பாதியில் தூங்கிவிட்டேன். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? (வாசகர், திருவாரூர்)

ப: தூங்கியதில் தப்பில்லை தம்பி. கதை எனக்கே மூன்றாவது தடவைதான் பிடிபட்டது, யார் யாரைச் சுட்டான் என்று இன்றைக்குக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் வருவதற்கு முன்னால் தூங்கியிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். 1968இல் வந்த படம், ஊர் சான்பிரான்சிஸ்கோ, ஸ்டீவ் மெக்வீனுக்குப் பச்சை மஸ்டாங், எதிராளிக்குக் கறுப்பு டாட்ஜ் சார்ஜர். சேஸிங் சூடு பிடிக்கிற நேரத்தில் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுபோகும், அதற்கப்புறம் இன்ஜின் சத்தமும் டயர் சத்தமும்தான். பழைய பஸ்ஸில் இன்ஜினை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெந்தவன் நான், எனக்கு அதைவிட நல்ல பாட்டு வேண்டாம்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. வேகம் எடுப்பதற்கு முன்னால் சார்ஜரை ஓட்டுகிறவன் நிதானமாக சீட் பெல்ட்டை மாட்டுவான். ஒரு வசனம் கிடையாது, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர் பில் ஹிக்மன், நிஜமான ஸ்டன்ட் டிரைவர், அதனால்தான் ஸ்டீரிங் பிடித்த கையில் பதற்றமே இல்லை. குறை இல்லாமல் இல்லை. ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகனைத் திரும்பத் திரும்ப முந்துவார்கள், நாலு சக்கரம் உள்ள சார்ஜரிலிருந்து கழன்று ஓடுகிற வீல் கப் நாலுக்கு மேல். இதுக்குப் போய் எடிட்டிங் ஆஸ்கரா தாத்தா என்று பேரன் சிரிக்கிறான், சிரிக்கட்டும். மேட்டிலிருந்து எகிறி இறங்கும்போது வண்டியின் மூக்கு அமுங்கி எழும்புகிறதே, அந்தக் கனம் கண்ணுக்குத் தெரிகிறதே, நான் அதற்குத்தான் பார்க்கிறேன். நம் பக்கம் மேடு என்றால் ஆற்றுப்பாலம்தான். அதில் கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கினாலே கடைசி சீட்டுக்காரர் என் வம்சத்தையே இழுப்பார்.

கே: சரி, 'புல்லிட்'டா 'ஃபிரெஞ்ச் கனெக்‌ஷ'னா, ஒன்றைச் சொல்லுங்கள். (வாசகர், மயிலாடுதுறை)

ப: மனசு படபடப்பதற்கு இரண்டாவதுதான். 1971. மேலே பாலத்தில் ரயில், கீழே காரில் ஜீன் ஹாக்மன். ரயில் அதுபாட்டுக்குப் போகும், இவன்தான் தூண்களுக்கு நடுவில் முட்டி மோதி வர வேண்டும். அதிலும் அதே ஹிக்மன் கார் ஓட்டியிருக்கிறார். ஆனால் டிரைவராக எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. உரிய அனுமதி இல்லாமல் நிஜமான போக்குவரத்துக்கு நடுவே சில ஷாட்களை எடுத்ததை டைரக்டர் ஃபிரீட்கினே பின்னாளில் ஒத்துக்கொண்டார், இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். ரோட்டில் போகிறவன் என்ன பாவம் செய்தான்? படத்துக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், நானாக இருந்தால் லைசென்ஸைப் பிடுங்கியிருப்பேன்.

கே: ஸ்பீல்பெர்க்கின் 'டூயல்' படத்தில் ஒரு டேங்கர் லாரி ஒரு காரைத் துரத்திக்கொண்டே வருகிறது. லாரிக்காரன் முகத்தைக் கடைசி வரை காட்டவில்லை, ஏன் துரத்துகிறான் என்றும் சொல்லவில்லை. ஏமாற்று வேலை இல்லையா? (வாசகர், பட்டுக்கோட்டை)

ப: நீங்கள் ராத்திரியில் தனியாக மோட்டார் சைக்கிளில் போனதில்லை போலிருக்கிறது. ஹை பீம் போட்டுக்கொண்டு முதுகை ஒட்டி வருகிற லாரிக்கு முகம் ஏது, காரணம் ஏது? 1971இல் டெலிவிஷனுக்காக எடுத்தது, அப்போது அவருக்கு 24 வயது. அந்த டிரைவரின் கையும் பூட்ஸும் போதும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது.

அதைவிட எனக்கு ரேடியேட்டர்தான். பெட்ரோல் பங்க்கில், ஹோஸ் மாற்றணும் சார் என்று பையன் சொல்வான், ஹீரோ அலட்சியமாகத் தட்டிக் கழிப்பார். அப்புறம் ஏற்றத்தில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது, அதே ஹோஸ் போய்விடும். நான் டிவி முன்னால் எழுந்தே நின்றுவிட்டேன். ஒரு சித்திரை மாதம் திருத்துறைப்பூண்டி ரூட்டில் எனக்கும் அப்படிக் கொதித்து நின்றது. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால்தானே வாய்க்காலில் மொள்ள முடியும்? பெண்கள் குடிக்க வைத்திருந்த கூஜாத் தண்ணீரை ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள், ஒருத்தர் மட்டும் பன்னீர் சோடா நீட்டினார். மெக்கானிக் சொன்னதைக் கேட்காதவன் கதை அது, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கே: தாத்தா, கிளாசிக் என்கிறார்கள், கல்ட் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

ப: என் கணக்கு இதுதான் பாப்பா. ஊரே கூடிப் பார்த்து, அப்புறம் பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டினால் கிளாசிக். வந்தபோது கைவிட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஆளாளுக்குக் கிளம்பினால் கல்ட்.

'தில்லானா மோகனாம்பாள்' கிளாசிக். அதுவும் 1968தான், மெக்வீன் அங்கே கார் ஓட்டிய வருஷம். சிக்கல் சண்முகசுந்தரமும் திருவாரூர் மோகனாவும் நம்ம பக்கத்து ஆட்கள், போட்டி என்று வந்துவிட்டால் இருவரில் யாரும் பிரேக்கில் கால் வைக்க மாட்டார்கள். நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் சிவாஜியின் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் பார்த்தால் நம்ப முடியாது.

கல்ட் என்றால் 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்'. நாடிழந்த சோழர் கூட்டம் தஞ்சையிலிருந்து தூதுவன் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கிடக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாக்காரன் நான், அதைப் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் கிண்டலடித்தேன், இன்டர்வெல்லுக்கு அப்புறம் ஒரு மண்ணும் புரியவில்லை என்று. இப்போது டிவியில் போட்டால் சேனல் மாற்ற விடுவதில்லை. 'அன்பே சிவ'மும் அப்படித்தான். 2003 பொங்கலுக்கு வந்தது, கூட்டம் 'தூள்' பக்கம் போய்விட்டது, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

அதற்காக ஓடாத படத்துக்கெல்லாம் கல்ட் பட்டம் கட்டாதீர்கள். பல படங்கள் ஓடாததற்குக் காரணம் அந்தப் படமேதான். வீணை எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' மட்டும் என் கணக்கில் அடங்கவில்லை. 1954இல் ஒரு பாட்டுக்கூட இல்லாத தமிழ்ப் படம், அதிலும் சிவாஜிக்கு தேசத்துரோகி வேஷம். அதை எந்தப் பெட்டியில் வைக்க என்று நீயே சொல்.

கே: இப்போது வரும் படங்களில் சேஸிங் பிடிக்கிறதா? (வாசகர், நாகப்பட்டினம்)

ப: பெரும்பாலும் இல்லை. கார் பறக்கிறது, சுழல்கிறது, டிரைவருக்கு வியர்ப்பதில்லை. எடிட்டிங்கில் ஷாட்களை வேகமாக வெட்டுவது குற்றம் என்று சொல்ல மாட்டேன், 2015இல் வந்த 'மேட் மேக்ஸ் ஃபியூரி ரோடு' மூச்சுவிட விடாமல் வெட்டிய படம்தான். ஆனால் பார்க்க வேண்டிய பொருளைத் திரையின் நடுவிலேயே வைத்திருப்பார்கள், கண் அலைவதில்லை. நமீபியா பாலைவனத்தில் நிஜ வண்டிகளை ஓட்டி எடுத்தது. அந்த டைரக்டர் ஜார்ஜ் மில்லருக்கு அப்போது 70 வயது, அடிப்படையில் டாக்டர். அடிபட்டால் எங்கே வலிக்கும் என்று தெரிந்த மனுஷன்.

கே: நம்ம டெல்டாவில் ஒரு கார் சேஸிங் எடுத்தால் எப்படி இருக்கும்? (வாசகர், நீடாமங்கலம்)

ப: குசும்புதானே உங்களுக்கு. இடம் பிரமாதம். ரோடெல்லாம் வாய்க்கால் கரையோடு வளைந்து வளைந்து போகிறது, பாதி வளைவில் எதிரே வருவது தெரியாது. ஒரு பக்கம் புளியமரம், ஒரு பக்கம் சேறு. மாசி, பங்குனியில் எடுத்தால் உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பிப் போட்டிருப்பார்கள், வில்லன் வண்டி போய் அடித்துக் கொடுத்த மாதிரியும் இருக்கும். அப்புறம் வாத்துக் கூட்டம் ஒன்று குறுக்கே வரும், ஆயிரம் வாத்து, மேய்க்கிறவர் ஹாரனுக்கெல்லாம் திரும்பிப் பார்க்க மாட்டார். அதையும் தாண்டிப் பறந்து வந்தால் உங்கள் ஊர் ரயில்வே கேட். சரக்கு ரயில் ஷண்டிங்கில் நிற்கும். ஹீரோவும் வில்லனும் இறங்கி ஒரே கடையில் டீ குடிக்க வேண்டியதுதான். இன்டர்வெல்லை அங்கேயே விட்டுவிடலாம்.