பொம்மை வாங்கப் போகிறவர் எந்தத் தேதியில் போவது?

கேள்வி: மதுரையில் பதினோரு வருடமாகப் பரிசுப்பொருள், பொம்மைக் கடை வைத்திருக்கிறேன். இதுவரை சென்னை மொத்த வியாபாரிகளிடம்தான் கொள்முதல். இந்த முறை நானே சீனாவில் குவாங்சோ போய், கேன்டன் ஃபேர் என்கிற வணிகக் கண்காட்சியைப் பார்த்து வரலாம் என்று ஏப்ரல் 14 முதல் 20 வரை டிக்கெட் போட்டிருக்கிறேன். ஆங்கிலம் சுமாராக வரும். பணம் எப்படிக் கொண்டு போவது, எங்கே தங்குவது, சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த டிக்கெட்டை மாற்றுங்கள்.

1957லிருந்து நடக்கிற அந்தக் கண்காட்சி, ஒரே மூச்சில் நடப்பதில்லை. வசந்த காலத்தில் மூன்று கட்டம், ஒவ்வொன்றும் ஐந்து நாள். நீங்கள் போகிற ஏப்ரல் 15–19 முதல் கட்டம்: மின்னணுப் பொருட்கள், இயந்திரங்கள், வாகனங்கள். பரிசுப்பொருளும் வீட்டு அலங்காரமும் 23–27இல் வரும். பொம்மை மே 1–5இல். உங்கள் தேதியில் போனால் டிராக்டரையும் டிரில்லிங் மெஷினையும் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

நானாக இருந்தால் 24 இரவு போய் இறங்குவேன். 25, 26 இரண்டு நாளும் பரிசுப்பொருள் அரங்குகள். கடைசி நாளான 27 மதியத்துக்கு மேல் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள், நம்ப முடியாது. இடையில் கிடைக்கும் 28, 29, 30 மூன்று நாளும் யீதே சாலை. பொம்மை, பரிசுப்பொருள், எழுதுபொருள் மொத்த விலைக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் தெரு அது. கருங்கல்லால் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்றும் அங்கேதான், வழி தவறினால் அதுதான் அடையாளம். பக்கத்திலேயே கருவாட்டுக் கடைகள். வாசனைக்குத் தயாராகப் போங்கள். மே 1, 2 பொம்மை அரங்குகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். மே தின விடுமுறையில் சீனர்கள் பாதிப் பேர் பயணத்தில் இருப்பார்கள் என்பதால், ரயிலில் வேறு ஊர் போகும் எண்ணம் இருந்தால் அந்த நாட்களில் வேண்டாம்.

இந்தக் கணக்குக்குத் தங்க ஏற்ற இடம் ஹைட்சூ சதுக்கம் பக்கம். யீதே சாலைக்கு நடந்தே போகலாம். கண்காட்சி நடக்கும் பாட்சோவுக்கு மெட்ரோவில் 2ஆம் பாதையில் ஏறி சாங்காங்கில் 8ஆம் பாதைக்கு மாறினால் போதும். கண்காட்சி வாசலிலேயே தங்கினால் அந்த நாட்களில் வாடகை கொள்ளை. ஹோட்டல் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை போனபோது ஆங்கில முகவரிச் சீட்டை டாக்சிக்காரரிடம் நீட்டினேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.

பணம். அங்கே இளநீர்க்காரர் வரை க்யூஆர்தான். நம்ம யுபிஐ மாதிரியேதான், ஆனால் நம்ம யுபிஐயை நம்பிப் போகாதீர்கள். எல்லாரும் கேட்கிற வீசாட் என்ற சீன ஆப் இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. அலிபே என்ற சீனப் பணப்பரிமாற்ற ஆப்பில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைக்கலாம். 200 யுவான் வரை கட்டணமில்லை, அதற்கு மேல் ஒவ்வொரு செலவுக்கும் 3 சதவீதம். இதையெல்லாம் மதுரையில் உட்கார்ந்தே முடியுங்கள். வங்கி ஆப்பில் 'வெளிநாட்டுப் பயன்பாடு' அணைந்திருந்தால் அட்டை ஒரு பைசா தராது. ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும், ஆகவே அந்த சிம்மில் ரோமிங் கட்டாயம். ரோமிங்கில் இன்னொரு லாபமும் உண்டு: சீனாவில் தடை என்பதால் ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப், கூகுள் எதுவும் திறக்காது, நம்ம சிம்மின் ரோமிங் டேட்டாவில் திறக்கும். அவசரத்துக்குச் சில நூறு யுவான் நோட்டாக இருக்கட்டும்.

சரக்குக்கான பணம் வேறு விஷயம். அங்கே கையில் கொடுக்கவே வேண்டாம். விலைப்பட்டியலும் மாதிரியும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வாருங்கள். வழக்கமாக 30 சதவீதம் முன்பணம், மீதி கப்பலேற்றுவதற்கு முன் கேட்பார்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். "என் சொந்தக் கணக்கில் போடுங்கள், விலை குறைக்கிறேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடை பாருங்கள். நண்பர்கள் சொல்லும் ஹவாலா யோசனைக்கும் அதே கும்பிடு.

பொம்மையில் நீங்கள் கேட்க மறந்த ஒன்று இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். செய்கிற தொழிற்சாலையிடமே அந்த முத்திரையைத் தரும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) உரிமம் இருக்க வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரக்கு துறைமுகத்தைத் தாண்டாது. ஆகவே முதல் கொள்முதலுக்குப் பரிசுப்பொருளே மேல் என்பது என் எண்ணம். அதற்கும் கட்டாய முத்திரை ஏதாவது உண்டா என்று உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் பொருள்வாரியாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சாப்பாடு: "சைவம்" என்று சொன்னால் கீரை வரும், சிப்பிச் சாறு ஊற்றி. 'இறைச்சி, மீன், சிப்பிச் சாறு, பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம்' என்று சீனத்தில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்கள். குவாங்சோவிலேயே ஷியாவ்பெய் பக்கம் இந்திய உணவகங்கள் உண்டு, ராத்திரிக்கு அங்கே போகலாம். பகலுக்குப் பருப்புப்பொடி எடுத்துப் போங்கள். வெறும் சோறு எந்தக் கடையிலும் கிடைக்கும்.