மாதம் 55 டொலருக்கு ஓர் அவசரப் பட்டன்: அம்மாவுக்கு எடுக்கலாமா?

வாசகர் கேள்வி பதில்
பதில் தருபவர்: ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், கிளிநொச்சி

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் வவுனியாவில் ஒரு பாடசாலையில் வேலை செய்கிறேன். அம்மா தருமபுரம் பக்கத்தில் எங்கள் பழைய வளவில் தனியாக இருக்கிறார். வயது 78. பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை எடுக்கிறார். எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், "மாட்டை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டுக் கதையை முடித்துவிடுவார். கார்த்திகை மழைக்குள் இரவு மலசலகூடத்துக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, விடியப் பால் எடுக்க வந்த பொடியன் கண்டுதான் தூக்கினான். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. இப்போது கனடாவில் இருக்கும் தம்பி, கழுத்தில் மாட்டுகிற அவசரப் பட்டன் ஒன்று எடுத்து அனுப்பப் போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறான். மாதம் 45 டொலர். விழுந்தால் தானாகக் கண்டுபிடிக்கிற வசதிக்கு இன்னும் 10 டொலர். இவ்வளவு காசு கொடுக்கிறது பிரயோசனமா? வேண்டாம் என்றால் அம்மாவின் விஷயத்தில் காசு பார்க்கிறோம் என்று ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புத் தங்கச்சி, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். தம்பி அனுப்பப் போவது பனிக்குள் நின்று உழைத்த காசு. அது அம்மாவுக்கு உதவுகிற இடத்தில் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டியது உங்கள் இருவரின் கடமை. மாதம் 55 என்றால் வருடம் 660 டொலர். ஒரு கனடா டொலர் இருநூறு ரூபாவுக்கு மேல் போகிறது. இருநூறு என்றே வைத்தாலும் வருடம் 132,000 ரூபா. அம்மா இருக்கும் வரை கட்ட வேண்டிய காசு இது.

தம்பி சொல்கிற பட்டன் எப்படி வேலை செய்கிறது? கழுத்தில் பட்டன், வீட்டுக்குள் பேசவும் கேட்கவும் கூடிய ஒரு பெட்டி. அழுத்தினால் அந்தப் பெட்டி தொலைபேசி இணைப்பு வழியாகவோ உள்ளே இருக்கும் சிம் வழியாகவோ கம்பனியின் கண்காணிப்பு நிலையத்துக்கு அழைப்பு எடுக்கும். இரவு பகலாக அங்கே ஆட்கள் இருப்பார்கள். என்ன நடந்தது என்று கேட்பார்கள், பிள்ளைகளுக்கு அறிவிப்பார்கள், தேவையென்றால் அம்புலன்ஸை அனுப்புவார்கள். மாதக் கட்டணத்தில் பெரும்பங்கு அப்படி விழித்திருக்கிற ஆட்களுக்குத்தான் போகிறது. ரொறன்ரோவில் மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிற ஓர் அம்மாவுக்கு என்றால், எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தருமபுரத்தில் கிடக்கிற அம்மாவுக்கு அவர்கள் என்ன செய்ய முடியும்? இந்தச் சேவைகள் பொதுவாக அந்த நாட்டு வலையமைப்பையும் அந்த நாட்டு அம்புலன்ஸையும் நம்பி நடப்பவை. எப்படியோ பாடுபட்டு இங்கே இணைத்தாலும், ஆங்கிலத்தில் வருகிற கேள்விக்கு ஈரத்தில் கிடக்கிற அம்மா பதில் சொல்ல வேண்டும். எங்கள் விலாசங்களும் 'மூன்றாம் வாய்க்கால் பாலம் தாண்டி, மருத மரத்துக்கு இந்தப் பக்கம், தகரப் படலை' என்கிற மாதிரி. இங்குள்ள 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைக் கனடாவிலிருந்து நேரே அழுத்தவும் முடியாது. கடைசியில் அவர்கள் தம்பியை வேலைத்தலத்தில் பிடிப்பார்கள். தம்பி உங்களை நித்திரையால் எழுப்புவார். நீங்கள் வவுனியாவிலிருந்து பக்கத்து வீட்டுக்கு எடுப்பீர்கள். அந்தப் பக்கத்து வீட்டை அம்மாவே நேரே எழுப்பினால் போதுமே.

ஆனால் தம்பியின் பதற்றம் நியாயமானது. வார்டில் இருந்த காலத்தில், விழுந்து வருகிற வயதானவர்களைத் துடைத்துப் படுக்க வைக்கும்போது நான் முதலில் பார்ப்பது குதிக்காலும் இடுப்பெலும்பும் தோள்பட்டையும். உடனே கண்டு தூக்கப்பட்டவர்களுக்கு அங்கே ஒன்றும் இராது. இரவு முழுக்கச் சீமெந்தில் கிடந்தவர்களுக்கு அந்த இடங்கள் கன்றிச் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளிறாமல் இருக்கும். படுக்கைப்புண் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எழும்ப முடியாமல் கிடந்தாலே ஆபத்து கூடிக்கொண்டு போகும். உடம்பு வற்றும், நசிபட்ட தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம், நியூமோனியா பிடிக்கலாம். உலகத்தில் ஆண்டுக்கு 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள் எங்களைப் போன்ற, வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில். ஆகவே அம்மாவுக்கு ஒரு பட்டன் வேண்டும். அது எந்த வீட்டில் அடிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

கடையில் வயர் இல்லாத கோலிங் பெல் விற்கிறார்கள். சில ஆயிரம் ரூபாவோடு முடிந்துவிடும், மாதக் கட்டணம் இல்லை. மணியைப் பக்கத்து வீட்டில் வையுங்கள். பட்டனில் ஒன்று அம்மாவின் கழுத்தில், இன்னொன்று மலசலகூடச் சுவரில். சுவரில் ஒட்டுவதை நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒட்டுங்கள். விழுந்து கிடக்கிறவரின் கைக்கு லைற் சுவிட்ச் உயரம் எட்டாது. தண்ணீர் படுகிற இடம் என்பதால் ஈரம் புகாத பட்டனாகக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் நூறு மீற்றர், இருநூறு மீற்றர் என்று போட்டிருப்பார்கள். அது வெட்டவெளிக் கணக்கு. சுவரும் தகரமும் இடையில் வந்தால் நன்றாகக் குறையும். ஒருவர் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுத்த, மற்றவர் பக்கத்து வீட்டு அறைக்குள் நின்று கேளுங்கள். கேட்காவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கடையில் முதலே பேசிக்கொள்ளுங்கள். மணி பற்றறியில் ஓடுவதாக இருக்கட்டும். கரண்டில் மட்டும் ஓடுகிற மணி, மின்சாரம் போன இரவில் அடிக்காது. மழையும் காற்றுமான அந்த இரவுகளில்தான் ஆட்களும் வழுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு கிளினிக் நாளும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

பக்கத்து வளவு மணி கேட்காத தூரம் என்றால், சிம் போட்டுக் கழுத்தில் மாட்டுகிற எஸ்.ஓ.எஸ். கருவிகள் இருக்கின்றன. அழுத்தினால் நீங்கள் பதிந்து வைத்த இலக்கங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அழைப்பு எடுக்கும். 4ஜி-யில் வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் 2022 இல் 3ஜி-யை நிறுத்தியபோது பழைய பட்டன்கள் எத்தனையோ சும்மா கழுத்தில் தொங்கின. அம்மாவின் வளவில், குறிப்பாகக் கோடிப்பக்கத்தில், எந்த நெட்வேர்க்குக்குச் சிக்னல் நிற்கிறது என்று போனைக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் சிம் எடுக்க வேண்டும்.

இனி தம்பியின் காசுக்கு வருகிறேன். அந்தக் காசு வரட்டும். ஆனால் கம்பனிக்குப் போகாமல் அம்மாவைச் சுற்றியுள்ளவர்களுக்குப் போகட்டும். மாதம் 11,000 ரூபா. பக்கத்துக் குடும்பத்தோடு பேசி, மணி அடித்தால் வருவதற்கும், இரவில் யாராவது வந்து அம்மாவோடு படுப்பதற்கும் ஒரு தொகையை ஒழுங்காகக் கொடுங்கள். போருக்குப் பிறகு தனித்து நின்று குடும்பம் நடத்துகிற பெண்கள் எங்கள் பக்கத்தில் எவ்வளவு பேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாதம் தவறாமல் கைக்கு வருகிற காசு அவர்களுக்குப் பெரிய ஆறுதல். சும்மா உதவியாகக் கேட்டால் இரண்டு மாதத்தில் உங்களுக்கே கேட்கக் கூச்சமாகிவிடும். வேலையாகக் கேளுங்கள், மரியாதையாகக் கொடுங்கள்.

முதல் இரண்டு மாதக் காசை மட்டும் வீட்டில் போடுங்கள். வீட்டுத்திட்ட வீடுகளில் பெரும்பாலும் மலசலகூடம் பின்னால் தனியாக நிற்கிறது. இரவில் அந்தப் பாதைதான் ஆட்களை விழுத்துகிறது. மேசன் ஒருவரைப் பிடித்து, கதவடியிலிருந்து மலசலகூடம் வரை சொரசொரப்பான சீமெந்து நடைபாதை, ஒரு பக்கம் ஜி.ஐ. பைப் கைபிடி, உள்ளே இருந்து எழும்ப ஒரு பிடி, இரவு முழுக்க எரிய ஒரு சின்ன பல்ப். பாம்பு கிடந்தால் கண்டு விலகவும் அந்த வெளிச்சம் உதவும். மழைக்காலத்தில் இரவுக்குக் கட்டிலடியில் கொமோட் கதிரை வைத்தால் இன்னும் நல்லது. தேய்ந்த பாட்டாவை எறிந்துவிடுங்கள்.

குளிசையையும் விட்டுவிடாதீர்கள். கிளினிக் கொப்பியை டொக்டரிடம் காட்டி, எழும்பி நிற்கும்போது பிரஷர் விழுகிறதா, இரவில் சீனி குறைகிறதா என்று கேளுங்கள். நீர்க்குளிசை இருந்தால் காலையில் எடுக்கலாமா என்றும் கேளுங்கள். பின்னேரம் எடுத்தால் இரவில் எழுப்பும். கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறதா என்பதையும் பார்ப்பித்துவிடுங்கள்.

மணி கேட்டு ஓடி வருகிறவருக்கு ஒன்று சொல்லி வையுங்கள். விழுந்தவரின் ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்புப் பக்க எலும்பு முறிந்திருக்கக்கூடும். கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தக் கூடாது. போர்வையால் மூடி, பக்கத்தில் இருந்து, 1990 ஐ அழைக்க வேண்டும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கும் வந்தது. ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து எங்கே திரும்ப வேண்டும், எந்தக் கடை, எந்தக் கோயில் என்று ஒரு கடதாசியில் எழுதிப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் ஊர்க்காரருக்கே பாதை சொல்ல வராது.

கேள்வி: மல்லாவியில் இருக்கிறேன், வயது 69, ஓய்வுபெற்ற ஆசிரியர். இலண்டனில் உள்ள மகள், விழுந்தால் தானாக அழைப்பு எடுக்கும் என்று அப்பிள் வோட்ச் வாங்கித் தரப் பார்க்கிறாள். என்னிடம் சாதாரண பட்டன் போன்தான் இருக்கிறது. வாங்கச் சொல்லலாமா?

பதில்: ஐயா, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை முழுதாகப் பாவிக்க ஐபோனும் வேண்டும். அதோடு செலவு எங்கேயோ போய்விடும். சாதாரண மாதிரிகளின் பற்றறி 18 முதல் 24 மணித்தியாலம்தான், ஆகவே ஒவ்வொரு நாளும் சார்ஜில் போட வேண்டும். பலர் இரவில் கழற்றிச் சார்ஜ் போட்டுவிட்டு, வெறுங்கையோடு மலசலகூடத்துக்குப் போகிறார்கள். கடுமையாக விழுந்து ஒரு நிமிடம் அளவில் அசையாமல் இருந்தால் அது தானாக அழைப்பு எடுப்பது உண்மைதான். ஆனால் கதிரையிலிருந்து மெல்லச் சரிந்து இறங்குகிற மாதிரி விழுகையை எந்தக் கருவியும் தவறவிடலாம். ஐபோனில் ஏற்கனவே பழகிய, வயலுக்கும் ரவுனுக்கும் தனியாகப் போய்வருகிற ஒருவருக்கு அது நல்ல பொருள். உங்களுக்கு, எஸ்.ஓ.எஸ். பொத்தான் உள்ள பெரிய எழுத்துப் போன் ஒன்று போதும். மகளோடு காலையில் ஒரு நேரம் பேசி வையுங்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் எடுக்காவிட்டால் அவர் மல்லாவியில் யாருக்கு அழைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் இருப்பது புதுக்குடியிருப்பு. அப்பாவுக்கு 82. தனியாகத்தான் இருக்கிறார், ஆனால் எங்கள் வீடு அடுத்த வளவு. நீங்கள் சொல்கிற மாதிரி பெல் வாங்கிக் கொடுத்தோம். "என்னை நோயாளி ஆக்கிறியளோ?" என்று கழற்றி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: இது நான் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு, அப்பாவில் கோபிக்காதீர்கள். அந்த வயது ஆண்கள் காடு வெட்டி, குளத்துத் தண்ணீர் திருப்பி, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து கூரை போட்டவர்கள். கழுத்தில் ஒன்றைக் கட்டிவிட்டு "விழுந்தால் அழுத்துங்கோ" என்றால் அவர்களுக்கு நோகும். அதைப் பிள்ளைகள் இருந்து கதைக்காமல், ஒரே வயதுக்காரர் யாராவது கதைத்தால் நல்லது.

கழுத்தை விட்டுவிடுங்கள். அவர் எங்கே விழக்கூடும் என்று அவரிடமே கேளுங்கள். கிணற்றடி, மலசலகூடம், கட்டிலடி என்று அவரே காட்டுவார். அந்த இடங்களில் நிலத்துக்குக் கிட்டவாகப் பட்டன்களைப் பொருத்துங்கள். ஒரே மணிக்கு இரண்டு மூன்று பட்டன் சேர்க்கக்கூடிய பெல்களும் கிடைக்கின்றன. கிணற்றுக்கட்டில் பாசி பிடிக்கவிடாமல் பிரஷ் போட்டுத் தேய்ப்பது உங்கள் வேலை.

இன்னொன்றும் செய்யலாம். காலையில் தேத்தண்ணி குடித்ததும் அவர் ஒருமுறை மணியை அடிக்கட்டும். "அப்பா எழும்பிவிட்டார்" என்று உங்களுக்கு அறிவிக்கிற மணி அது. அடிக்காத நாளில் நீங்கள் போய்ப் பாருங்கள். அப்படி ஒவ்வொரு நாளும் அழுத்திப் பழகிய கைக்கு, ஆபத்து நேரத்தில் பட்டனைத் தேட வேண்டி வராது, பற்றறி முடிந்ததும் உங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். தவறி அடித்துவிட்டார் என்றால் ஓடிப் போய் ஏசாதீர்கள். "சும்மா பட்டது" என்று அவர் சொன்னால், சரி அப்பா என்று சொல்லிவிட்டு இருந்து கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வாருங்கள்.