வாடாமல்லி விதை முளைக்கவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

ஆடி பிறந்தால் தோட்டக் கேள்விகள் குவியும். இந்த முறை வந்ததில் பெரும்பகுதி வாடாமல்லியைப் பற்றியவை. அதனால் இந்த வாரம் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (திருநகர் வாசகி): மாடித் தோட்டத்துக்காக இணையத்தில் ‘ஏழு நிற வாடாமல்லி, 200 விதைகள்’ என்று போட்டிருந்த பாக்கெட்டை 249 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் நீலப் பூவும் இருந்தது. எல்லா விதையையும் போட்டுவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது, ஒன்பது நாற்றுதான் வந்திருக்கிறது. விற்றவரிடம் கேட்டால் ‘உங்கள் மண் சரியில்லை’ என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் அந்த நீலப் பூவைப் பேசிவிடுவோம், அம்மா. உங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அதுதான். வாடாமல்லியில் நீலம் கிடையாது. நாம் சேலைக் கடையில் ‘வாடாமல்லி கலர்’ என்று கேட்கிறோமே, அந்தக் கருஞ்சிவப்பு ஊதாதான் நாட்டு நிறம். அது போக வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர் ஊதா உண்டு. சிவப்பும் ஆரஞ்சும் கலந்து வருவது இதன் பங்காளிச் செடி. பீட்ரூட்டுக்கு நிறம் தரும் அதே வகை நிறமிதான் இந்தப் பூவிலும் இருக்கிறது, அதிலிருந்து நீலம் வராது. ஆக, அந்தப் படத்தில் நிறத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு ‘தவறாக வழிநடத்தும் விளம்பரம்’ என்று பெயர். உங்கள் மண் எப்படி இருந்தாலும் இந்தப் புகார் நிற்கும்.

அடுத்தது முளைப்பு. இங்கே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வாடாமல்லி விதையை நீங்கள் அருகில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் தேய்த்தால் காகிதம் போன்ற இதழ்கள் முதலில் உதிரும். உள்ளே சின்னச் சின்னப் பஞ்சுப் பொதிகள் இருக்கும். அந்தப் பஞ்சையும் நகத்தால் பிரித்தால்தான் விதை தெரியும். பயறு போலத் தட்டையாக, பழுப்பு நிறத்தில், பளபளவென்று ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நிறையப் பொதிகளில் விதையே இருக்காது. நெல்லில் சாவி என்கிறோமே, அது மாதிரி. பூவின் அடிப்பக்கம்தான் முதலில் முற்றும், நுனிப்பக்கம் பெரும்பாலும் சாவியாகப் போகும். அப்படியே உதிர்த்துப் பாக்கெட் போட்டால் 200 பொதி இருக்கும், 200 விதை இருக்காது.

உங்கள் பக்கம் நடந்திருக்கக்கூடிய தவறு என்றால், ஊற வைக்காமல் போடுவது, ஆழமாகப் புதைப்பது, தினமும் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுவது. அந்தப் பஞ்சு தண்ணீரை லேசில் உள்ளே விடாது. ஒரு இரவு ஊற வைத்து, மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும். நம் ஊர்ச் சூட்டில் ஒன்று, ஒன்றரை வாரத்தில் வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருப்பதில் பயன் இல்லை.

பாக்கெட்டின் மூலையில் பத்து இருபது விதை ஒட்டிக்கொண்டிருந்தாலும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஈரத்துணியில் இருபது விதையைப் பரப்பிச் சுருட்டி, மூடி போட்ட டப்பாவில் வைத்து, தினமும் திறந்து பாருங்கள். துணியில் மண்ணே இல்லை. அங்கேயும் முளைக்கவில்லை என்றால் ‘மண் சரியில்லை’ என்று சொல்ல முடியாது. போட்டோ எடுத்து வையுங்கள். நான் எந்தப் பாக்கெட் வாங்கினாலும் விதைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுகிறேன். இருபதில் பத்துக்குக் கீழே முளைத்தால் அன்றைக்கே விற்றவருக்கு எழுதிவிடுவேன்.

இனி செய்ய வேண்டியது. விளம்பரப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், புகார் போனதும் படம் மாறிவிடும். ஆர்டர் எண், பணம் கட்டிய விவரம், பாக்கெட்டின் இரண்டு பக்கம், நாற்றுத் தட்டு, எல்லாவற்றையும் படம் எடுத்து, நீங்கள் வாங்கிய இணையத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம்.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ‘விதைக்கெல்லாம் விதைச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் மன்றம் எடுக்காது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழகத்தின் வழக்கிலேயே தீர்த்துச் சொல்லியிருக்கிறது.

249 ரூபாய்க்கு ஆணையம் வரை போகலாமா என்றால், அந்த அலைச்சலை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் 1915 வரை கட்டாயம் போங்கள். ஒரே விற்பனையாளர் மேல் நாலு பேர் பதிவு செய்தால்தான் அந்த நீலப் பூப் படம் இறங்கும்.

அப்புறம் ஒன்று. மதுரையில் இருந்துகொண்டு வாடாமல்லிக்கு விலை கொடுத்து விதை வாங்கவே தேவையில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ கால் கிலோ வாங்குங்கள். உருண்டையாக இருப்பதை விட்டு, கொஞ்சம் நீண்டு, அடியில் வைக்கோல் நிறம் ஏறிய பூக்களாகப் பொறுக்கி நிழலில் ஒரு வாரம் காய வையுங்கள். போன ஆயுத பூஜைக்குக் கதவில் கட்டிய மாலையிலிருந்துதான் என் வீட்டுச் செடிகள் எல்லாம் வந்தன. மாலைக்குப் பறிக்கும் பூ முழுதாக முற்றியிருக்காது, சாவி அதிகம் இருக்கும். அதனால் தாராளமாகத் தூவுங்கள்.

கேள்வி (செல்லூர் வாசகர்): நர்சரியில் பூத்துக் குலுங்கிய வாடாமல்லிச் செடி வாங்கினேன். செடி 80 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாகப் போட்டார்கள். இரண்டே மாதத்தில் காய்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: செடி காய்ந்ததில் ஏமாற்று இல்லை. வாடாமல்லி ஒரு பருவச் செடி. முளைத்து, இரண்டு இரண்டரை மாதத்தில் பூத்து, சில மாதம் பூத்துக்கொண்டே இருந்து, விதை கொட்டிவிட்டுப் போய்விடும். மல்லிகை மாதிரி வருடக்கணக்கில் நிற்காது. நீங்கள் வாங்கியபோதே அது பாதி ஆயுளைக் கடந்திருக்கும். காய்ந்த செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் பூவை அந்தத் தொட்டியிலேயே உதிர்த்துவிடுங்கள். அடுத்த மழைக்குத் தானாக வரும்.

ஆனால் ஜிஎஸ்டி விஷயம் வேறு. உயிருள்ள செடிக்கும், விதைப்பதற்கான விதைக்கும் ஜிஎஸ்டி இல்லை. பிளாஸ்டிக் தொட்டிக்கு, ரசாயன உரத்துக்கு உண்டு. பில்லை எடுத்துப் பாருங்கள். செடியின் பெயருக்கு நேராக ஜிஎஸ்டி போட்டிருந்தால், பில்லோடு போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பில்லே தராமல் வாயால் ‘ஜிஎஸ்டி’ என்று சொல்லி வாங்கியிருந்தால் அது வரியே இல்லை, கூடுதல் விலை. அடுத்த முறை பில் கேட்டு வாங்குங்கள், அந்த வரி தானாக மறைந்துவிடும்.

பூத்த செடி வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நானே ஒரு முறை நாலு செடி வாங்கி வந்து, பையைக் கிழித்துப் பார்த்தால் வேர் சுருள் சுருளாக அடியில் சுற்றியிருந்தது, மண்ணே தெரியவில்லை. தொட்டிக்கு மாற்றியும் தேறவில்லை. வாங்கும்போது ஆறு, எட்டு இலை வந்த நாற்றாக, மொட்டு விடாததாகக் கேளுங்கள். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள், ஓட்டை வழியாக வேர் கற்றையாக வெளியே வந்திருந்தால் வேண்டாம். வீட்டில் நட்டு, ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் நாலு கிளை வெடிக்கும், ஒவ்வொரு கிளையிலும் பூ வரும். குட்டை ரகமா, நெட்டை ரகமா என்றும் கேளுங்கள். நெட்டை இரண்டடி வரை போகும், மாலைக்கும் பூச்சாடிக்கும் அதுதான் உகந்தது. குட்டை ஓர விளிம்புக்கு நன்றாக இருக்கும், காம்பு நீளம் வராது.

கேள்வி (திருமங்கலம் வாசகர்): ‘மாடித் தோட்ட மண் கலவை, 10 கிலோ’ என்று அச்சிட்ட மூட்டை வாங்கினேன். மூன்று நாள் கழித்து எடை போட்டால் எட்டரை கிலோதான். அச்சிட்ட விலையை விட 20 ரூபாய் கூடவும் வாங்கினார்கள்.

பதில்: அந்த 20 ரூபாய் தெளிவான குற்றம். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. நம் மாநிலத்தில் எடை, அளவு, எம்ஆர்பி மீறல் எல்லாவற்றையும் தொழிலாளர் துறை பார்க்கிறது. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் பில்லோடு புகார் கொடுங்கள்.

எடை விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஈரமான கலவை மூன்று நாளில் காய்ந்து எடை இறங்கும். தென்னை நார்த்தூள் அதிகம் இருந்தால் இன்னும் இறங்கும். மூட்டையைக் கடையிலேயே தராசில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

வாடாமல்லிக்கு இந்தச் செலவே வேண்டாம், ஐயா. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுஉரம், அவ்வளவுதான். உரம் கூடினால் இலைதான் தழைக்கும், பூ குறையும். உங்கள் பக்கத்துக் கரிசலை அப்படியே தொட்டியில் போட்டால் தண்ணீர் நின்று வேர் அழுகும். அதனால் மணலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (அண்ணா நகர் வாசகி): வாடாமல்லிப் பூ டீ என்று 50 கிராம் 300 ரூபாய்க்கு விற்கிறார்கள். வீட்டுப் பூவைக் காய வைத்தே குடிக்கலாமா? மார்க்கெட் பூவை வெந்நீரில் போட்டால் சிவப்பாகச் சாயம் இறங்குகிறது, அது கலப்படமா?

பதில்: அந்தச் சாயம் பூவின் சொந்த நிறம். முதல் பதிலில் சொன்ன பீட்ரூட் நிறமி தண்ணீரில் கரையும். மாலை நனைந்தால் சுவரில் ஊதாக் கறை படுவதும் அதனால்தான். அதை வைத்துக் கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆனால் மார்க்கெட் பூவைக் குடிக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அது மாலைக்காக வளர்த்த பூ, பூச்சிமருந்து அடிக்கும்போது யாரும் அது வாய்க்குள் போகும் என்று நினைத்து அடிப்பதில்லை. பாக்கெட்டில் வாங்கினால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சர்க்கரை குறையும், ஆஸ்துமா போகும்’ என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி உணவுப் பொருளை விற்கக் கூடாது. மருந்து அடிக்காத வீட்டுப் பூவை எப்போதாவது ஒரு முறை நிறத்துக்காகப் போட்டுக்கொள்வது உங்கள் விருப்பம். கர்ப்பிணிகளும், தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கேள்வி (வாடிப்பட்டி வாசகி): ஆயுத பூஜை நெருங்கினால் பூ விலை எங்கேயோ போய்விடுகிறது. வீட்டிலேயே வளர்த்தால் மிச்சம் ஆகுமா? எப்போது விதைப்பது?

பதில்: சாமி படங்களுக்கும் வண்டிக்கும் போடும் அளவுக்கு நிச்சயம் ஆகும். பூத்துத் தள்ளும் நேரம் பூஜைக்குச் சரியாக வர வேண்டுமென்றால் ஆடி முதல் வாரத்தில் விதையுங்கள். ஐப்பசி மழையில் நாற்று விட்டால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும், அந்த நேரம் கூரை ஓரத்தில்தான் வைக்க வேண்டும். முக்கால் அடி இடைவெளி, நாள் முழுக்க வெயில், மண் காய்ந்த பிறகு தண்ணீர். உப்புத் தண்ணீர்தான் வருகிறது என்றால் மழைத் தண்ணீரைப் பிடித்து நாற்றுக்கு மட்டுமாவது ஊற்றுங்கள்.

இன்னொரு மிச்சமும் இருக்கிறது. வாடாமல்லியைப் பூஜைக்கு முந்தின நாள்தான் பறிக்க வேண்டும் என்பதில்லை. பத்து நாள் முன்பிருந்தே, பனி உலர்ந்த பிறகு காம்போடு வெட்டி, பத்துப் பத்தாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நிறம் அப்படியே இருக்கும். பூஜையன்று காலையில் காம்பைக் கிள்ளிக் கோத்துக்கொள்ளலாம். மரிக்கொழுந்து மட்டும் கடையில் வாங்கினால் போதும்.