அறுவைக்குப் பின் அம்மாவின் கை மேலே எழவில்லை, என்ன செய்வது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டு, கீமோ முடித்து, ஆறு வாரங்களுக்கு முன் மார்பகத்தையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் அகற்றினார்கள். தையல் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் இடது கை தோள் உயரத்துக்கு மேல் எழவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை தந்தி கட்டியதுபோல் இழுக்கிறது என்கிறார். மேல்கையின் உள்பக்கம் எரிகிறதாம். ரேடியேஷனுக்கு அளவெடுக்கப் போனபோது கையைத் தலைக்கு மேல் வைக்க முடியாததால், 10 நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் ‘பிசியோதெரபி’ என்று எழுதியிருக்கிறது. கையை அசைத்தால் நோய் பரவும், தையல் விட்டுப்போகும் என்று பெரியம்மா தடுக்கிறார். மாத்திரையை வைத்தே வலியைச் சமாளிக்க முடியாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் பதறவைத்தது அந்த 10 நாள்தான். மார்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது, கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க வேண்டும். கை கீழே இருந்தால் அது கதிர் பாயும் பாதையில் குறுக்கே வரும், அக்குள் பகுதியும் சரியாக விரியாது. ஒரு நாள் படுத்தால் போதாது. வாரக்கணக்கில், ஒவ்வொரு முறையும் அதே நிலையில் படுக்க வேண்டும். ஆகவே அந்தத் தாளில் கடைசி வரியாக எழுதப்பட்டிருக்கும் பிசியோதெரபிதான் இன்று உங்கள் அம்மாவின் புற்றுநோய் சிகிச்சையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நாளையே தொடங்குங்கள்.

பெரியம்மாவின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தங்கையின் மேல் உள்ள பாசத்தில்தான் அவர் தடுக்கிறார். ஆனால் கையை அசைப்பதால் புற்று பரவுவதில்லை. தையலைப் பொறுத்தவரை, காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் வடிகுழாய் இருக்கும் நாட்களில் கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்று நாங்களே சொல்வோம். ஆறு வாரம் கழிந்து, காயம் மூடி, உள்ளே நீர் தேங்கும் நீர்க்கோப்பும் இல்லை என்று அறுவை மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டால் அந்தக் கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தில் மார்பக அறுவை செய்துகொண்ட 392 பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. அறுவை முடிந்து 7 முதல் 10 நாட்களுக்குள்ளேயே பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு, ஓராண்டு கழித்துக் கையின் செயல்பாடு மேம்பட்டிருந்தது, வலியும் குறைந்திருந்தது; பயிற்சியால் சிக்கல்கள் கூடவும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு ஆறு வாரம் போய்விட்டது. அதனால் கை கெட்டுப்போய்விடவில்லை, ஆனால் இனி ஒரு நாளும் வீணாகக் கூடாது.

இப்போது வலிக்கு வருகிறேன். அவருக்கு ஒரே வலி இல்லை, மூன்று தனித்தனித் தொல்லைகள் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருப்பதால்தான் குணம் தெரியவில்லை.

முதலாவது, தோளின் இறுக்கம். வலிக்குப் பயந்து கையை மார்போடு அணைத்தே வைத்திருப்பதால் முன்மார்புத் தசை சுருங்கி, தோள் முன்னால் வளைந்து, மூட்டு மெல்ல இறுகுகிறது. என்னிடம் வந்த ஒரு பெண்மணி, தலை வாரும்போது கையைத் தூக்காமல் தலையைச் சீப்புக்குக் குனிந்துகொடுத்து வாரினார். அவர் அப்படிச் செய்கிறார் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை. உங்கள் அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் போடும்போதும், அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்கும்போதும் கவனித்துப் பாருங்கள்.

இரண்டாவது, அவர் தந்தி என்று சொல்வது. கையைப் பக்கவாட்டில் விரித்தால் அக்குள் தோலுக்கு அடியில் ஒரு கயிறு தெரியும், தொட்டால் விறைப்பாக இருக்கும். அக்குள் முடிச்சுகளை எடுத்தவர்களில் பலருக்கு முதல் சில வாரங்களில் இது வருகிறது. இது நரம்பன்று, புற்றும் அன்று. நிணநீர்க் குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுக்களும் இறுகிப்போனதாகவே கருதப்படுகிறது. பிசியோதெரபிஸ்ட் மெதுவாக நீட்டிவிட்டு, வீட்டிலும் பயிற்சி தொடர்ந்தால், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கரைந்துவிடும். எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடுவதும், ‘நரம்பு பிரண்டிருக்கிறது’ என்று சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப்போவதும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவதுதான் அந்த எரிச்சல். மேல்கையின் உள்பக்கத்துக்கு உணர்வு தரும் நரம்பு ஒன்று அக்குள் வழியாகவே போகிறது. முடிச்சுகளை எடுக்கும்போது அது இழுபடுவதும் சிலருக்கு அறுபடுவதும் உண்டு. மரத்துப்போவது, எரிவது, ரவிக்கை பட்டாலே கூசுவது எல்லாம் இதனால் வருபவை. வழக்கமான வலிமாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உள்ளன, மருத்துவரிடம் ‘எரிகிறது’ என்ற சொல்லையே சொல்லிக் கேளுங்கள். கூடவே, மென்மையான பருத்தித் துணியால் அந்த இடத்தை நாளுக்கு இரண்டு மூன்று முறை, சில நிமிடங்கள் வருடிவிட்டு, பழகப் பழகச் சற்றுச் சொரசொரப்பான துண்டுக்கு மாறினால் கூச்சம் அடங்கும். மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

மாத்திரையே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரை வலியைத் தணிக்கும், இறுகிய மூட்டைத் திறக்காது. இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தலாம்: மருத்துவர் எழுதிய வலிமாத்திரையை எந்த நேரத்தில் போடலாம் என்று அவரிடமே கேட்டு, பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னதாக அமையும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலிக்குப் பயந்து நிறுத்திவிடுபவரைக்கூட அது பயிற்சியை முடிக்க வைக்கும்.

பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்தே வகுக்க வேண்டும். அதுவரை வீட்டில் இரண்டைச் செய்யலாம். மல்லாந்து படுத்து, ஒரு கம்பை இரு கைகளாலும் பிடித்து, நல்ல கையின் பலத்தில் மற்றதையும் தலைக்கு மேல் கொண்டுபோவது ஒன்று. ரேடியேஷன் மேசையில் கேட்கப்படும் நிலையும் ஏறக்குறைய இதுதான். இன்னொன்று, சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் நடந்து மேலே ஏறுவது. எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்வேன். பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் குறித்துவைப்பதுபோல் அந்தக் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். பத்துப் பத்து முறையாக, நாளுக்கு மூன்று வேளை போதும். இழுக்கும், இழுக்கட்டும், குத்தினால் அங்கே நிறுத்திவிட வேண்டும். பயிற்சியால் கூடிய வலி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் அளவு சரி. மறுநாள் காலையும் இருந்தால் அன்று பாதியாகக் குறையுங்கள். கோடு போடும் வேலையைப் பெரியம்மாவிடமே கொடுத்துப்பாருங்கள்.

இன்னொன்றையும் இப்போதே செய்யுங்கள். அக்குள் முடிச்சுகள் முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிற்பாடு கை வீங்குகிறது; மாதங்கள் கழித்தும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். தையற்காரர் டேப்பால் இரு கைகளையும் மணிக்கட்டு, முன்கை, மேல்கை என மூன்று இடங்களில் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்தால், வளையல் இறுக்குகிறது என்று அம்மா சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். வீக்கத்தின் தொடக்கத்திலேயே சிகிச்சைக்கு வந்தால் அழுத்தக் கட்டும் கையுறையும் நன்றாக வேலை செய்யும். வீக்கம் வரும் என்று பயந்து வாழ்நாள் முழுவதும் எதையும் தூக்காமல் இருக்கத் தேவையில்லை. வீக்கம் வந்துவிட்ட 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீரென அதிகமாவதும் குறைந்தது. ஆனால் படிப்படியாக என்பதுதான் இதில் முக்கியம். நேராகத் தண்ணீர்க் குடத்துக்குப் போய்விடக் கூடாது.

கை திடீரென வீங்கினாலோ, சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, முதுகிலோ இடுப்பிலோ இரவிலும் விடாத புது எலும்பு வலி தோன்றினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

செலவை நினைத்துத் தயங்குகிறீர்களோ என்று தோன்றுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) பிரிவு உண்டு. தஞ்சாவூர் உங்களுக்குப் பக்கம்தான். அம்மாவால் பயணம் முடியாதென்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் அடக்கம்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் தாளையும் நோயியல் அறிக்கையையும் எடுத்துச்செல்லுங்கள். மூட்டு வலிக்கு வந்தவர் என்று நினைத்துத் தோளில் கரண்ட் வைத்துவிடக் கூடாது.

எட்டாவது நாளும் கை போதுமான உயரத்துக்கு வரவில்லையென்றால், பத்தாவது நாள் வரை காத்திருக்காமல் ரேடியேஷன் பிரிவுக்குப் போன் செய்து, எவ்வளவு எழுகிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். படுக்கும் நிலையை மாற்றி அமைக்க வழி இருக்கிறதா என்பதை அவர்கள் முன்கூட்டியே பார்த்துச் சொல்வார்கள்.