வேலை நெருக்கடிக்கு நடுவே தொழில் சார்ந்து தொடர்ந்து படிக்க எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. ஆனால் "படிக்க நேரமே இல்லை, படிக்காமல் விட்டால் பின்தங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் சொந்தமாகப் பிராக்டிஸ் செய்கிறவர் போலத் தெரிகிறது. அப்படி வைத்துக்கொண்டே சொல்கிறேன். கம்பெனியே பணம் கட்டி டிரெய்னிங் அனுப்புகிற இடத்தில் இருந்தால் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் திருப்பூரில் ஆடிட்டர். கிளையன்ட் எல்லாம் பெரும்பாலும் பனியன் கம்பெனிகள்தான். 7ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வரி, கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜிஎஸ்டியில் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி வரி கட்டுகிற ரிட்டர்னான 3பி. செப்டம்பர் வந்தால் டேக்ஸ் ஆடிட், அந்த மாதம் வீட்டில் என்னை யாரும் எதிர்பார்ப்பதே இல்லை. அதனால் "விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து தினமும் ஒரு மணி நேரம் படியுங்கள்" என்று அறிவுரை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து மணிக்கு எழுந்தால் எனக்கு அடுப்பு இருக்கிறது, அவர்களுக்கு யாரோ காபி கொண்டுவந்து கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. (எல்லா ஆண்களையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.)

நான் படிப்பது 20ஆம் தேதிக்கு அப்புறம்தான். அதுவும் சட்டத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது. பக்கத்தில் யாராவது ஒரு கிளையன்டின் லெட்ஜர் திறந்திருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினாலோ வேலை வாங்கினாலோ, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால் அந்தச் செலவை அந்த வருட வருமானத்திலிருந்து கழிக்க முடியாது, பணம் கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்கலாம். 43பியின் மற்ற இனங்களில் ரிட்டர்ன் போடுவதற்குள் கட்டினால் போதும் என்றொரு சலுகை உண்டு, இதற்கு அதுவும் கிடையாது.

ஒரு எக்ஸ்போர்ட்டரின் கிரெடிட்டர்ஸ் லிஸ்டை வைத்துக்கொண்டுதான் இதைப் படித்தேன். நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், பவர்டேபிள் (தையல் யூனிட்) என்று வரிசையாக ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குச் செய்து கொடுத்த வேலைக்கான, பாக்கி. நூல் கடைக்காரரின் பாக்கிதான் பெரியது, ஆனால் அவர் வாங்கி விற்கும் வியாபாரி. வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கொடுத்ததே பேங்க் தரும் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும், ஆகவே அவர் கணக்கில் வரமாட்டார். சின்னச் சின்னதாகத் தெரிந்த ஜாப் ஒர்க் பாக்கிகள்தான் வில்லங்கம். அவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தால் 40 லட்சத்துக்குப் பக்கம். அது அப்படியே லாபத்தில் ஏறினால் பார்ட்னர்ஷிப்புக்கு 30 சதவீதம், 12 லட்சம் வரி, செஸ் தனி.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏனுங்க மேடம், பிரிண்டிங்காரருக்கு நாங்க எப்பவுமே 90 நாள்தானுங்க. அவரே கேக்கறதில்ல, கவர்மெண்டுக்கு என்னங்க வந்துது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, வெளிநாட்டு பையர் பணம் வந்தால்தான் இவர் கையில் காசு. ஆனாலும் விடாமல் ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட்டிடமும் உத்யம் சர்டிபிகேட் கேட்டு வாங்க வைத்து, 45 நாளுக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட வைத்து, பேங்க் லிமிட்டையும் அதற்கேற்ப மாற்ற வைத்தேன். 2024 பிப்ரவரியில் இந்த விதிக்குப் பயந்து ஊரே அலறியதே, உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா என்று சின்ன யூனிட்களை விரட்டினார்களே, அந்த நேரத்தில் இவர் நிம்மதியாக இருந்தார். தம்பட்டம் அடிக்கிறேன் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கிளையன்ட் விஷயத்தை வெளியே சொல்லலாமா என்றும் ஒருவர் வருவார், திருப்பூரில் இதே மாதிரி நூறு பேர் இருக்கிறார்கள், யாரென்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

ஆடிட்டர்களின் அமைப்பான எங்கள் இன்ஸ்டிடியூட் கேட்கும் சிபிஇ, அதாவது தொடர்கல்வி, நேரம் வேறு இருக்கிறது. பிராக்டிஸில் இருக்கும் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று வருடத்தில் 120 மணி நேரம். வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல பேச்சாளர் வந்தால் நானும் முன்வரிசையில்தான் உட்காருவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் போனால் குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை முடியவே பதினொன்றாகிவிடுகிறது, பாதிப் பேர் சாப்பாட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். மணி நேரம் மட்டும் ஏறிவிடும். இப்போது 2026 ஏப்ரல் 1 முதல் 1961 வருமான வரிச் சட்டம் போய் 2025 சட்டம், 536 பிரிவுகள், மனப்பாடமாக இருந்த 80சி (சேமிப்புக்கான வரிக் கழிவு) இனி 123. அதைக் கற்க ஹாலை நம்ப முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் பயிற்சி எடுக்கும் ஆர்ட்டிகிள் பசங்களுக்கு நானே பாடம் எடுக்கிறேன், அவர்கள் குடைந்து குடைந்து கேள்வி கேட்பதற்குப் பயந்தாவது முந்தின நாள் படித்துவிடுகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 12 லட்சம் மிச்சம் பிடித்த அந்த எக்ஸ்போர்ட்டர் எனக்குப் போன வருட ஆடிட் ஃபீஸை இன்னும் தரவில்லை. போன் செய்தால் "பையர் பேமெண்ட் வரட்டுங்க மேடம்" என்கிறார். நானும் உத்யம் பதிவு செய்த குறு நிறுவனம்தான். இந்த வருடம் கணக்கு முடிக்கும்போது என் பில்லையும் அவர் லாபத்தில் ஏற்றிவிடப் போகிறேன்.